கவலை மீனும் இரண்டாவது தட்டும்

சிதம்பரம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி வரியில் கை நின்றுவிட்டது, அதனால் உன் நலமும் மாப்பிள்ளை சேரன் நலமும் முதலில் கேட்டுக்கொள்கிறேன், எங்கள் கதையைக் கீழே படித்துக்கொள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ அழுவாய், உன்னைப் பார்த்து நான் அழுவேன், பக்கத்தில் உங்கப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எதிர் வீட்டு அருண்பாண்டியன் நாளை உங்கள் பார்சலோனாவுக்குத் திரும்புகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு நீ எழுதி அனுப்பினாயே, இதயத்துக்கு நல்லது, மெடிட்டரேனியன் சாப்பாடு என்று, அதை அவர் மெடிக்கல் ரேஷன் என்றுதான் சொல்கிறார். முதலில் முகத்தைச் சுளித்தவர் இப்போது சாயங்காலமானால் இன்னிக்கு ரேஷன் என்னா லோகுன்னு அவரே கேட்கிறார். கிள்ளையிலிருந்து வரும் இருசம்மாள் கூடையை இறக்கி, இன்னிக்கு கவலை மீனுதாம்மா இருக்குன்னாள், அதுதான் இந்த வீட்டில் ஜாஸ்தியாச்சே என்று சொல்லிக்கொண்டே வாங்கினேன். குழம்பு வைக்காமல் எலுமிச்சையும் பூண்டும் தடவி, நீ அனுப்பின ஆலிவ் எண்ணெய் விட்டுத் தோசைக்கல்லில் வாட்டுகிறேன். கத்திரிக்காயைக் கொத்சுவுக்குச் சுடுவது போலவே சுட்டுத் தோலுரித்து, புளி இல்லாமல், தக்காளியும் வெந்த கொண்டைக்கடலையும் சேர்த்துப் பிசைகிறேன். உப்பு பேருக்குத்தான். நீ இரண்டு பேருக்கு என்று அளவு எழுதியிருந்தாய், பெண்ணுக்கு அப்பாவின் பசி தெரியும் போலிருக்கிறது என்று நினைத்து, ராத்திரி பாதி, மிச்சத்தை மறுநாள் காலையில் என்று எல்லாவற்றையும் அவருக்கே போட்டேன். எனக்கெதற்கு அவ்வளவு தூரத்து எண்ணெய், அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு கருவாட்டுக் குழம்பும் அப்பளமுமாக அடுப்படியில் என் பாடு முடிந்துவிடும்.

புதன்கிழமை கடலூருக்கு அவரை செக்கப்புக்கு அழைத்துப் போனேன். மாடிப்படி ஏறும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கியது, வேர்த்துக் கொட்டியது, இடது கை கனத்தது. டாக்டரம்மா உங்கப்பாவை விட்டுவிட்டு என்னைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்துவிட்டாள். அவருக்கு எல்லாம் நார்மல், எனக்குத்தான் அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, திங்கட்கிழமை ஆஞ்சியோ என்கிறாள். என்ன சாப்பிடுறீங்கன்னு அவள் கேட்டதும் உங்கப்பா பெருமையாக உன் மெசேஜை எடுத்துக் காட்டினார். ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கே சார், அந்த ரெண்டாவது ஆளு யாருன்னு கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். நீயும் இதையேதான் உள்ள சாப்பிடறேன்னு நெனச்சிகினு இருந்தேனேடின்னார்.

எனக்குப் பயமாக இருக்கிறது இளமதி. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன், உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, அது வியாதியா பயமா என்று தெரியவில்லை. எனக்கு ஒன்று ஆனால் இந்த மனுஷனுக்கு உப்பு டப்பா எதென்று கூடத் தெரியாது. டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, பெரியப்பா மகன் கொளஞ்சியப்பன் கார் கொண்டுவருகிறான், திங்கட்கிழமை பார்த்துவிட்டு அவனே உனக்குப் போன் பண்ணுவான்.

இதை எழுதும்போது உங்கப்பா கூடத்தில் இரண்டு தட்டு போட்டு, மீனையும் அவரே எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மீனு ஆறிப்போவுது, நீ வந்து ஒக்காந்தாதான் நான் கைய வெப்பேன்னு இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, போய் உட்கார வெட்கமாகக்கூட இருக்கிறது. நீ அங்கே மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகு, சிங்க் ஓரமாக நின்றுகொண்டு மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொள்வதை வீடியோவில் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம் கண்ணு, உனக்கும் ஒரு தட்டு போடு. தில்லைக்காளி உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு வைத்திருக்கட்டும். அவர் மறுபடியும் கூப்பிடுகிறார், போகிறேன்.

இப்படிக்கு,
அந்த இரண்டாவது ஆள்,
உன் அம்மா லோகநாயகி