அத்தாவின் சொல்

தென்னூர்
3.11.2024

என் உயிரான அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால் லீவு முடிந்து தம்மாம் திரும்பும் ஆரிஃப் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தம்ரூட் இனிப்பும் சேர்த்து.

ஜமாஅத் கல்யாண மண்டபத்து மாடியில் நாங்கள் படிக்கும் அறையை மூடிவிட்டுப் பாத்திரம் வைக்கப் போகிறார்களாம். 29ஆம் தேதி ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். நம் ஒற்றை அறை வீட்டில் தம்பிகள் போடும் கூத்தில் நான் குரூப் தேர்வுக்குப் படித்த லட்சணம் உங்களுக்கே தெரியும். அந்த அறை போனால் என் படிப்பும் போச்சு.

கூட்டத்தில் கல்யாணமான தலைக்கட்டுக்குத்தான் சொல், குடும்பத்துக்கு ஒரு ஓட்டு மாதிரி. நாங்கள் நாற்காலி போடலாம், வாய் திறக்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் சொல் வழக்கம்போல் பெரியத்தாவிடம் இருக்கிறது. அவரோ ஜமாஅத் தலைவர் ஆட்டும் பக்கம் தலையாட்டுவார். இந்த ஒரு முறை அதை என்னிடம் கொடுங்கள்.

உங்கள் செல்ல மகள்
ஷஹனாஸ்

தம்மாம்
11.11.2024

அன்பு மகளுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். தம்ரூட்டை எனக்கு முன்பே இங்கே என் அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள் தீர்த்துவிட்டார்கள்.

நீ கேட்டது முடியாதம்மா. உன் பெரியத்தா கியாசுதீன் அண்ணன் என்னை வளர்த்தவர். நான் விமானம் ஏறிய நாளிலிருந்து என் சொல் அவர் வாயில்தான். அதைப் பிடுங்கி மகளிடம் கொடுத்தால் ஊர் என்ன பேசும்? பெரியவர்கள் யோசிக்காமலா செய்வார்கள்? நீ படிக்கிற வேலையைப் பார்.

துஆவுடன்
அத்தா நஸ்ருல்லா

தென்னூர்
18.11.2024

அத்தாவுக்கு,

நேரமில்லை. எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பெரியத்தாவிடம் நானே போய்க் கேட்டேன். “உங்க அத்தா வாயால சொல்லட்டும், நான் ஒதுங்கிக்கிறேன்” என்றார்.

நம் பள்ளிவாசல் மஹல்லாவில் பாதித் தலைக்கட்டு வளைகுடாவில்தான். அத்தனை பேர் சொல்லும் நாலைந்து பெரியவர்கள் கையில். அதனால் மாடியில் படிக்கும் எல்லோரும் அவரவர் அத்தாவுக்கு எழுதிவிட்டோம். உங்கள் அறையிலேயே இருக்கும் ஜெஸிமாவின் அத்தா சரி என்றுவிட்டார். என் அத்தாதான் மாட்டேன் என்கிறார். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

ஷஹனாஸ்

தம்மாம்
22.11.2024

கோபக்கார மகளுக்கு,

ஜெஸிமாவின் அத்தா மகள் பெருமை பேசியே எங்களைச் சாப்பிட விடுவதில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “சரிப்பா, அவ என்ன பேசுறான்னு நானும் கேக்குறேன்” என்றார்.

என் சொல் இனி உன்னிடம். அண்ணன் மனம் நோகாமல் பேசு.

அத்தா

தென்னூர்
30.11.2024

என் அன்பு அத்தாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ், அறை நமக்கே.

உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். “எங்க அத்தா சொல் எங்கிட்ட இருக்கு. அறை இருக்கணும்” என்றேன். பிறகு ஜெஸிமா, சம்ரீன் என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து அதையே சொன்னார்கள். பையன்களும்தான். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களைவிட எழுந்து நின்றவர்கள் அதிகம். தலைவர் பெரியத்தா பக்கம் திரும்பினார்.

பெரியத்தாதான் பேசினார். “கடல் தாண்டிப் போயி அத்தாமாரு சொல்லை வாங்கிட்டு வந்திருக்குதுங்க. இந்தப் புள்ளைங்களுக்குன்னு ஒரு சொல் வேணாமா?”

அறை அப்படியே இருக்கும். அதோடு, பதினெட்டு வயது முடிந்தால் கல்யாணம் ஆகாவிட்டாலும் இனி அவரவருக்குத் தனிச் சொல் என்று முடிவாகிவிட்டது. அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் சொல்லைப் பெரியத்தாவிடமே கொடுத்துவிடுங்கள். எனக்கு இப்போது என் சொல் இருக்கிறது. அது உங்கள் சொல்லோடு ஒத்துப்போகும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்கள்
ஷஹனாஸ்