இருபத்தைந்து பெயர்கள்

ஓமஹா
9 ஜூன் 1953

அன்புள்ள வால்ட்,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், முதலிடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன கேடு! நாங்கள் நம் பேஸ்பால் லீகின் எட்டு அணிகளில் எட்டாவது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஜனமே எங்கள்மேல் பாட்டில் வீசியது. ஒன்று குறி தவறி அம்பயரின் காதைக் கிழித்து மூன்று தையல். எங்கள் பையன்களுக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

இரண்டு லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் நட்சத்திர ஆட்டத்துக்கு யார் யார் போவார்கள் என்று பதினெட்டு வருஷமாக ஜூன் மாதம் பிறந்ததும் ஆளுக்கு இருபத்தைந்து பெயர் எழுதி அனுப்பிக்கொள்கிறோம். அதிகம் தப்பாகச் சொன்னவன் மற்றவனுக்கு மாட்டுக்கறி விருந்து வைக்க வேண்டும். இந்த வருஷம் பந்தயம் கிடையாதப்பா. போன வருஷம் கோப்பையை வென்ற பாவத்துக்கு நம் லீகின் அணியை நீயே அமைக்கப் போகிறாய். கேள்வித்தாள் தயாரிப்பவன் பரீட்சை எழுதக் கூடாது.

ஆனாலும் என் ஊகத்தைச் சொல்லி வைக்கிறேன். ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் எட்டுப் பேரில், பந்தைத் தடுத்து நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு உன் மருமகன் டெல்தான். என் ஞானமகள் லோரெட்டாவின் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவனுக்குப் பக்கத்தில் நிற்கக்கூட ஆளில்லை. மீதிப் பதினேழு பேர் உன் கையில். ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவனாவது வேண்டும் என்று விதி இருக்கிறதே, எங்கள் பங்குக்கு வெர்னை எடு. பந்தெறிய இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. வயது இருபத்திரண்டுதான். கெஞ்சுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். செப்டம்பரில் முதலாளி என்னை இந்தக் கோச் வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் வளர்த்த ஒருவன் அந்த ஆட்டத்தில் நின்றான் என்றாவது இருக்கட்டும்.

பத்தொன்பதாம் தேதி இங்கே ஆட வரும்போது சாப்பிட வீட்டுக்கு வந்துவிடு.

அன்புடன்,
ஆரின்

லூயிவில்
13 ஜூன் 1953

அன்புள்ள ஆரின்,

உன் கடிதத்தை லோரெட்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஞானப்பா இன்னும் இப்படித்தான் பேசுறாரா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு மாதம் முடிந்துவிட்டது, செப்டம்பரில் பிரசவம். பெயர் வைக்க நீதான் வர வேண்டுமாம்.

வெர்ன் விஷயம். கை நல்ல கைதான். நெஞ்சுதான் இல்லை. மட்டைக்காரன் முன்னால் வந்து நின்று முறைத்தால், அவன் முகவாய்க்குக் கீழே ஒரு பந்தைப் போட்டு மண்ணில் உட்கார வைக்க வேண்டும். உன் பையன் தள்ளித் தள்ளி எறிந்து மன்னிப்புக் கேட்கிறான். அவனைத் தேவாலயத்தில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த அனுப்பு. நட்சத்திர ஆட்டத்துக்கு வேண்டுமென்றால் அந்த நெஞ்சை என் ஆட்களிடமே காட்டட்டும், எடுக்கிறேன்.

இரண்டாம் பேஸைக் காக்கிற உன் பிக்ஸ்பியைக் காலைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல். எங்கள் ஆட்கள் பேஸைத் தொடச் சறுக்கி வரும்போது பூட்ஸ் ஆணிகளைக் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

விருந்துக்கு வருகிறேன். கறியைக் கரியாக்காமல் வை.

அன்புடன்,
வால்ட்

ஓமஹா, மருத்துவமனை
22 ஜூன் 1953

ஆரின்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

இன்று காலை டெல்லின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். கன்னத்து எலும்பு நாலாக உடைந்திருக்கிறது. சனிக்கிழமை அவன் முகத்தில் வெர்னின் பந்து பட்ட சத்தம் மட்டையில் பட்ட சத்தம் மாதிரியே இருந்தது. முதல் பேஸில் நின்ற எங்கள் ஆள் அதை நம்பி ஓடவே ஆரம்பித்துவிட்டான். அப்புறம்தான் டெல் கீழே கிடப்பதைப் பார்த்தோம். மூக்கிலும் காதிலும் ரத்தம். கால் இரண்டும் படுத்த வாக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

அப்புறம் நடந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. முப்பது பேர் மேலே விழுந்து இழுத்தும் உன் வெர்னை நான் விடவில்லை. அவன் முன்பல் ஒன்று என் விரல் மூட்டுக்குள் புதைந்திருந்தது. டாக்டர் இடுக்கியால் எடுத்து, "இது யாருது?" என்று கேட்டார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

லோரெட்டா ரயிலில் வந்து இறங்கினாள். டெல்லின் முகத்துக் கட்டைப் பார்த்தாள், அழவில்லை. "அப்பா, அவன சும்மா விட்றாதீங்க" என்றாள், அவ்வளவுதான்.

விடப்போவதில்லை. நீ கேட்டபடியே உன் பையனை எடுக்கப்போகிறேன். இரண்டு இன்னிங்ஸ் எறிய வைப்பேன். பிறகு மாற்று ஆள் அனுப்பாமல் அவனையே மட்டை பிடிக்க வைப்பேன். எதிர் லீகில் கிரேடி எறிகிறான், யானை மாதிரி ஆள், நான் வளர்த்தவன். அவனுக்கு எழுதிவிட்டேன். உன் பையன் தலையில் இருக்கப்போவது ஒரு துணித்தொப்பி. ஐம்பதாயிரம் பேர் பார்க்கட்டும்.

வால்ட்

ஓமஹா
26 ஜூன் 1953

அன்புள்ள வால்ட்,

நீ எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன்.

மருத்துவமனைக்கு மூன்று முறை வந்தேன். வாசலில் உன் ஆட்கள் இரண்டு பேர் என்னைச் சுவரோடு சேர்த்து அழுத்தி, "போயிரு பெருசு, எலும்பு மிஞ்சாது" என்றார்கள். போய்விட்டேன்.

வெர்ன் சாப்பிடுவதில்லை. பல் போன வாயோடு உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருக்கிறான். புதன்கிழமை எறியும் கையைச் சுவரில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். நாலு பேர் சேர்ந்து பிடித்தோம். அப்போது என் முகத்தைப் பார்த்து, "கோச், விலான்னுதானே சொன்னீங்க? நான் விலாவுக்குத்தானே எறிஞ்சேன்? அவர் ஏன் முன்னால சாஞ்சாரு?" என்று கத்தினான். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம் வால்ட், சொன்னது நான். பெஞ்சிலிருந்து சைகை காட்டினேன். வெள்ளிக்கிழமை டெல் சறுக்கி வந்ததில் பிக்ஸ்பியின் முழங்கால் எலும்பு தெரியக் கிழிந்தது. சதையைக் கையால் அள்ளி மூடினேன். அவன் இனி ஆடமாட்டான். ராத்திரி உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பையனுக்கு நெஞ்சில்லை என்று எழுதியிருந்தாய். விலாவில் ஒன்று போடட்டும், பிக்ஸ்பிக்கும் பதில் ஆச்சு, வால்ட்டும் பார்த்ததாச்சு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் என் பேச்சைக் கேட்டவன், அவ்வளவுதான். அடிக்க வேண்டுமானால் என்னை அடி. சொல்லும் இடத்துக்கு வருகிறேன், கையை உயர்த்த மாட்டேன். வெர்னை எடுக்காதே. விதிக்கு ஒருவன் வேண்டுமென்றால் எங்கள் கேச்சரை எடுத்துக்கொள். ஒன்றுக்கும் உதவ மாட்டான், பெஞ்சில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பான்.

லோரெட்டாவிடம் நானே சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் வழிவிடு.

அன்புடன்,
ஆரின்

லூயிவில்
3 ஜூலை 1953

ஆரின்,

பட்டியலை நேற்றுத் தந்தியில் அனுப்பிவிட்டேன். பத்திரிகையில் வருவதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு டெல். அடிபட்ட மறுநாளிலிருந்து மூட்டை மூட்டையாக ஓட்டு வந்து, லீகிலேயே அதிக ஓட்டு அவனுக்குத்தான். கட்டோடு வந்து கோட்டில் நிற்பான், பெயரைச் சொல்வார்கள், கைதட்டுவார்கள், அவனுக்குப் பதிலாக வேறொருவன் ஆடுவான்.

உங்கள் அணியிலிருந்து வெர்ன். பயப்படாதே, மட்டை பிடிக்க மாட்டான். கிரேடிக்கு எழுதியதை மறந்துவிடச் சொல்லித் தந்தி அடித்தேன். "அன்னிக்கே கிழிச்சுப் போட்டேன் கோச், நீங்க எழுதுற கடுதாசியா அது?" என்று தொலைபேசியில் ஏசினான். வெர்னை எடுக்கச் சொன்னது டெல். "அவனையே எடுங்க மாமா. பந்து நெசமாவே நல்லா வருது. மூஞ்சியில படுற வரைக்கும் எனக்கே தெரியல" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். தையல் பிரிந்து தலையணையெல்லாம் ரத்தம்.

உன் கடிதம் எனக்குப் புதுச் செய்தி எதையும் சொல்லவில்லை. அந்தச் சைகையை நான் பார்த்தேன். பெல்ட்டின்மேல் கட்டைவிரலை இழுத்தாய். டொலிடோவில் நாம் ஒன்றாக ஆடியபோது அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான், தெரியாமல் இருக்குமா? டெல் குனிந்து கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எழுந்து ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு கத்தல் போதும். கத்தவில்லை. வெள்ளிக்கிழமை பிக்ஸ்பியின் முழங்காலைப் பார்த்துப் போ என்று டெல்லிடம் சொன்னதும் நான். விலாவில் ஒன்று வாங்கட்டும், சரிக்குச் சரியாகிவிடும் என்று உட்கார்ந்தே இருந்தேன். அந்தப் பையன் வாயை நான் உடைத்தது அவன் எறிந்ததற்காக மட்டுமில்லை, இப்போது உனக்குப் புரியும்.

திங்கட்கிழமை லோரெட்டா கேட்டாள், "யாரு சொல்லி எறிஞ்சான்ப்பா?"

"ஆரின்" என்றேன்.

 அப்புறம், "அவரு சைகை காட்டினத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

உன் பெயரை இனி வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஞானஸ்நானத்தில் நீ அவளைத் தூக்கி வைத்திருந்த படத்தை அடுப்பில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அப்போதும் கத்தவில்லை.

பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் எனக்கும் அந்தக் கதவு அடைபட்டிருக்கும். குழந்தை பிறக்கும்போது அந்த வீட்டுக்குள் நம் இரண்டு பேரில் ஒருவன்தான் போக முடியும். இந்த வருஷம் தேர்ந்தெடுக்கும் வேலை என்னுடையது. நான் என்னை எடுத்துக்கொண்டேன்.

நீ அவளுக்கு உண்மையை எழுதலாம். அவள் வந்து கேட்டால் மறுக்க மாட்டேன். ஆனால் நீ எழுத மாட்டாய், அவளிடமிருந்து அப்பனையும் பறிக்க உனக்கு மனசு வராது. அது தெரிந்துதான் அவளிடம் பொய் சொன்னேன்.

வால்ட்