செல்வியின் பெட்டி வாழ்த்து

28.5.2006, ஞாயிறு

நாளை பேத்தி செல்விக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. காலண்டர் அட்டையில் அவளுக்குப் பெட்டி வாழ்த்து செய்தேன். மூடியைத் தூக்கினால் நாலு பக்கமும் விரிந்து, நடுவில் காகிதப் பூ எழும்பும். பசை காய்வதற்குள் மகன் வந்துவிட்டான்.

"பட்டாசுக் கம்பெனியில செல்விக்கு வேலை சொல்லியாச்சும்மா. இனி வயசு கேக்க மாட்டாக. புதன்கிழமை வரச் சொல்லிட்டாக. இதுக்குள்ள என்ன வச்சிருக்க?"

"பூதான்லே. தொட்டுராத, பசை காயல."

பூவுக்கு அடியில் இருப்பது காலேஜ் விண்ணப்பம். செல்வி நிரப்பிவிட்டு, அப்பாவுக்குப் பயந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. தகப்பன் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்று அதில் அச்சடித்திருக்கிறது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு நானே போட்டுவிட்டேன்.

காலையில் அவன் முன்னால்தான் மூடியைத் திறப்பாள்.