என் பக்கத்து பிரேக்

நம் சின்னவளின் அப்பாவுக்கு,

இங்கே நானும் அவளும் நலம். தூக்கம்தான் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது, இன்னுமா நம்பவில்லை என்று கேட்கிறீர்கள். வாரா வாரம் உங்கள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு நான் விசாரிப்பதும் தெரிந்துவிட்டதாம். தெரியட்டும். சூடு கண்ட பூனை நான். ஆனால் நீ நம்பாதது என்னை மட்டுமா, மனுஷங்களையேவா என்று கடைசியில் ஒரு வரி எழுதினீர்களே, அதுதான் உறுத்துகிறது.

முதலில் கோபம் வந்தது. பாத்திரங்களிடம் காட்டினேன். மனுஷங்களை நம்பாதவளா ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன்?

போன செவ்வாய்க்கிழமை என்னிடம் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒரு தையல்கார அம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டே, ஓங்கி மிதித்தேன். வண்டி நின்றது. பார்த்து ஓட்ட வேண்டாமா என்று வழக்கம்போல் பொரிந்து தள்ளினேன். அவர் கோபப்படவில்லை. மேடம், நான் மிதிச்ச பிறகுதான் நீங்க மிதிச்சீங்க, வேணும்னா என் காலைப் பாருங்க என்றார். பார்த்தேன். அவர் கால் பிரேக்கின் மேல்தான் அழுந்தியிருந்தது.

அன்றிலிருந்து ஒரே குடைச்சல். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் தாங்களாகவே நிறுத்தியிருப்பார்கள்? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விட்டதே இல்லை. நான் மிதிக்காவிட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள். தோண்டித் தோண்டிப் பார்த்தால் என் எல்லா எண்ணத்துக்கும் அடியில் இது ஒன்றுதான் கிடக்கிறது. கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பதும், சின்னவளின் பையைத் துழாவுவதும் இதிலிருந்து முளைத்தவைதான். நீங்கள் குடிக்கத் தொடங்கும் முன்பே, ஏன், நம் கல்யாணத்துக்கு முன்பே அது என்னிடம் இருந்தது. நீங்கள் குடித்தது அதற்குத் தோதாகப் போய்விட்டது. அதற்காக அந்த வருடங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை.

இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நான் எதை நம்பி நிற்பது? பயமாக இருக்கிறது.

சின்னவளுக்குக் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. கேட்டால், அப்பா வந்து சொல்லித் தருவார் என்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

இந்த வாரம் சூப்பர்வைசருக்குப் போன் போடவில்லை. விரல் நமநமத்தது.

வாருங்கள். ஸ்டேஷனுக்கு உங்களை அழைத்துவர இந்த முறை நான் வர மாட்டேன். வரும் வழியில் நீங்கள் குடித்த அந்தக் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதைத் தாண்டி நீங்களே வீட்டுக்கு வாருங்கள். வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்க்க மாட்டேன் என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் மனைவி