போர்த்திய துணியும் அன்பரசு சட்டையும்

அன்புள்ள ஆராயிக்கு,

நான் இத்தாலியில் ராசா மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் பெருக்குகிற சர்ச்சில் சிலுவையில் செத்த ஏசுசாமியைப் போர்த்தியதாகச் சொல்லும் துணி ஒன்று இருக்கிறது. அது நிசமா என்று போன வாரம் பத்துப் புரொபசர்கள் சண்டை போட்டார்கள். கடைசியில் தீர்ப்புச் சொன்னது நான்தான்: "பள்ளிபாளையத்துத் தறிக்காரன்கிட்டயேவா? கரையைப் பாருங்க, பவர்லூம் துணிங்க!" அத்தனை பேரும் குனிந்து கரையைப் பார்த்தார்கள்.

அப்போது ஒரு அம்மா வந்து துணி இருந்த கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளிடம் பவர்லூம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செத்துப்போன நம்ம பையன் அன்பரசு கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைத்துப் போடச் சொல்லித் திட்டிவிட்டு வந்தேனே, துவைக்காதே சாமி. வாசம் போகாமல் கவரில் கட்டி வை. நானும் ஒருமுறை மோந்து பார்க்கணும்.

டூட்டிக்கு மணியாச்சு.

உன் மாமா,
வீரன்