அக்காவின் உடம்புக்கு மாமாவைத் தெரியும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு துணிக்கிடங்கில் தீ அலாரம். புகை இல்லை, நெருப்பு இல்லை, மாடியில் ஒரு டிடெக்டர் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கழற்றினால் உள்ளே குட்டிச் சிலந்தி. துடைத்து மாட்டினேன். நெருப்பு இல்லை என்றால் டிடெக்டரைச் சந்தேகப்படு. எங்கள் தொழிலே இவ்வளவுதான்.

மாலையில் டயாலிசிஸ் முடிந்து அக்காவைக் கூட்டி வந்தோம். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கார் ஓட்டியபடியே, சிகரெட்டை விட்டது எப்படி என்று எனக்கு வகுப்பெடுத்தார். நான் சிகரெட்டே பிடிப்பதில்லை. டயர் கடையில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய மனிதர். காருக்குள்ளும் அதே சத்தம்தான்.

அக்காவுக்கு அவர்தான் சிறுநீரகம் தரப்போகிறார். ரத்த வகை ஒன்று. "பிரசவத்துல உங்கக்காவுக்கு ஏத்துனதே என் ரத்தம்தான் மாப்ள. இப்பவும் அவ உடம்புல ஓடுறது நான்தான்." அவர்கள் குழந்தை வாண்டு பிறந்ததிலிருந்து இதே வசனம். சண்டை வந்தால் சத்தம் இன்னும் கூடும். அக்கா, "அதனாலதான் எனக்கும் அடிக்கடி கோவம் வருது" என்றாள்.

கடல் நடுவில் எண்ணெய் எடுக்கும் மேடையில் எனக்கு வேலை உறுதியாகிவிட்டது. மாமா கொடுப்பதால் நான் கிளம்பலாம். எழுதிப் பார்த்தால் நன்றாக இல்லை. ஆனால் உண்மை அதுதான்.

மார்ச் 7, வெள்ளி

மாமாவின் செல்களோடு அக்காவின் ரத்த நீரைக் கலந்து பார்த்தார்கள். செல்கள் செத்துவிட்டன.

"பாசிட்டிவ்னு போட்டிருக்கு மாப்ள. நல்லதுதானே?" என்று கேட்டார்.  நல்லது இல்லை மாமா என்றேன். அக்காவின் உடம்பில் அவருக்கு எதிராக ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருக்கிறதாம். அவருடைய சிறுநீரகத்தை வைத்தால் ஆப்பரேஷன் மேஜையிலேயே கறுத்துப்போகலாமாம்.

ரத்த வகை ஒன்று. அவருடைய ரத்தத்தையே ஏற்றியும் இருக்கிறார்கள். பிறகு எப்படி?

மார்ச் 11, செவ்வாய்

லேபில் போய்ச் சத்தம் போட்டேன். மறுபடி செய்யுங்கள், மிஷினைச் சோதித்தீர்களா, எப்போது சரிபார்த்தீர்கள் என்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் மிரண்டுபோய் உள்ளே ஓடினான். அந்த லேபின் டாக்டர் வந்தார், நடுத்தர வயதுப் பெண்மணி. "வேற சாம்பிள் எடுத்து நானே பண்றேன். அதுவும் இப்படியே வந்தா என்னோட சண்டை போடுவீங்களா, மிஷினோட போடுவீங்களா?"

மாமாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

அதே ரிசல்ட். சிலந்தி எதுவும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

மாமாவையும் இழுத்துக்கொண்டு லேப் டாக்டரிடம் விளக்கம் கேட்கப் போனேன். புரிந்ததைவிடக் குழம்பியதுதான் அதிகம்.

உடம்பில் காவல் இரண்டு விதமாம். ஒன்று, யார் வந்தாலும் அடிப்பது. இன்னொன்று, ஆளைப் பார்த்து, நினைவில் வைத்து, அடுத்த தடவை வந்ததும் வேகமாக அடிப்பது. சரி, அந்த நினைவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மூளையா, எலும்பா, எங்கே?

"மொத்தமா ஒரே இடத்துல இல்ல தம்பி. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும்."

"வரப்போறது யாருன்னு அதுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?"

"தெரியாது. கண்ணை மூடிக்கிட்டுக் கோடிக்கணக்குல விதவிதமா செஞ்சு வச்சுக்கும். வந்த ஆளோட எது பொருந்துதோ அது மட்டும் பெருகும். சண்டை முடிஞ்சதும் முக்கால்வாசி செத்துடும். கொஞ்சம் மட்டும் ஞாபகத்துக்குத் தங்கிடும், வருஷக்கணக்கா."

எல்லாப் பூட்டுக்கும் ஆகும் என்று முதலில் கண்டபடி சாவி செய்து குவிப்பதாம், பிறகு பூட்டு வரட்டும் என்று காத்திருப்பதாம். இப்படி ஒரு திட்டத்தை நான் ஆபீஸில் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கண்டபடி செய்தால் சொந்த உடம்பையே அடிக்கிறதும் வருமே என்று மடக்கினேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பியில் சில செல்களுக்குப் பரீட்சை நடக்குமாம். சொந்த ஆளை அடிக்கிற செல்லை அங்கேயே முடித்துவிடுமாம். தேறுவது ரொம்பக் கொஞ்சமாம். "நம்ம காலேஜ் மாதிரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மாமாதான் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும்மா. நான் என்ன கிருமியா? என்னை எதுக்கு ஞாபகம் வச்சிருக்கு?"

டாக்டர் பேனா மூடியைத் திறந்து மூடியபடியே சொன்னார். குழந்தை பாதி அப்பா. பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் அம்மா ரத்தத்தில் கலக்கும். அப்பாவின் அடையாளத்தை அம்மாவின் உடம்பு அப்போதுதான் பார்க்கிறது. சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு எதிர்ப்பொருள் உண்டாகும். அக்காவுக்கு அப்போது கணவருடைய ரத்தத்தையே வேறு ஏற்றியிருக்கிறார்கள்.

"ரத்த வகை பொருந்துனா போதும்னு நினைச்சிருப்பீங்க. அதுக்குள்ள இருக்கிற வெள்ளை அணுக்கள்ல உங்க அடையாளம் எல்லாம் இருக்கும் சார்."

மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வசனம்.

அந்த நினைவை அழிக்க முடியாதா என்று கேட்டேன். எதிர்ப்பொருளை ரத்தத்திலிருந்து வடித்து எடுக்கலாம், ஆனால் அதைச் செய்கிற செல்கள் உள்ளேதான் இருக்கின்றன, அக்காவுக்கு இருக்கிற எதிர்ப்பொருள் அளவுக்கு அது ரொம்ப ஆபத்து என்றார். கிளம்பும்போது என் வாய் சும்மா இருக்காமல், "என்னையும் அடிக்குமா?" என்றது.

"உங்களை அந்த உடம்பு பார்த்ததில்லையே. கலந்து பாத்தாதான் தெரியும்."

ஏன் கேட்டேன்? யார் கேட்கச் சொன்னது?

மார்ச் 18, செவ்வாய்

ரிசல்ட்டை வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மாமா டாக்டரிடம் சொல்லியிருந்தார். அக்காவிடம் சொன்னது என்ன தெரியுமா? தனக்குச் சர்க்கரை வரும்போல் இருக்கிறதாம், அதனால் தன்னுடையது ஆகாதாம். மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு மாமா இந்தப் பொய்?"

"வாண்டு பொறந்ததாலதான்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? நாளைக்குப் புள்ளயைப் பாக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான வரும்."

"பொறந்ததால மட்டுமில்ல, நீங்க ரத்தம் குடுத்ததாலயும்தான்."

"தெரியுது மாப்ள. அதையும் சேத்துதான் சொல்றேன். வாயை மூடிக்கிட்டு இரு. ஒரு தடவையாவது."

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். ஆனால் பைக்கை எடுக்கவில்லை. உள்ளே அழுதாரா தெரியவில்லை. நான் எதிரே இருந்த கட்டிடத்தின் தீயணைப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் வால்வு துருப்பிடித்திருந்தது.

மார்ச் 26, புதன்

பொய் சொல்லத் தெரியாத ஆள் பொய் சொன்னால் இதுதான் நடக்கும். சர்க்கரை வரப்போகிறவர் டீயில் வழக்கம்போல மூன்று ஸ்பூன் போட்டுக் கலக்குகிறார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அடுக்களையில் என்னிடம், "பயந்துட்டாரு. வேற ஒண்ணுமில்ல. கத்தி வைப்பாங்கன்னதும் தொடை நடுங்கிடுச்சு" என்றார். சர்க்கரை நிஜமாகவே இருப்பது அம்மாவுக்குத்தான். அதனால் கொடுக்கிறவர்கள் கணக்கில் அம்மா இல்லை; அப்பா உயிரோடு இல்லை.

அக்கா எதுவும் சொல்வதில்லை. மாமாவோடு பேசுவதும் இல்லை. அவர் தட்டு வைத்தால் சாப்பிடுகிறாள், வண்டியில் ஏறச் சொன்னால் ஏறுகிறாள். இரண்டு பேரும் ஏதோ லிஃப்ட்டில் சந்தித்த ஆட்கள் மாதிரி.

நான் சொல்லலாமா? சொன்னால் வாண்டு விஷயம். சொல்லாவிட்டால் இது. எது குறைந்த சேதம்? இதற்கு ஏதாவது மீட்டர் இருந்தால் தேவலை.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தெல்லாம் இல்லை. அம்மா மறுபடி "ஆம்பளையா அவரு" என்று ஆரம்பித்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. யோவ் அவரு ரெடியாத்தான்யா இருந்தாரு, இவ உடம்புதான் வேணாம்னுது, புள்ள பெத்ததுல வந்த எதிர்ப்பு, அவரு குடுத்த ரத்தத்துல வந்த எதிர்ப்பு — அம்மாவையே யோவ் என்று சொல்லியிருக்கிறேன். மாமா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்படியே ஒற்றைச் செருப்போடு நின்றார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவரைப் பார்த்து, "அப்ப நீங்க பயப்படலயா?" என்றாள்.

"பயம் இல்லன்னு யாரு சொன்னா? பயமாத்தான் இருந்துச்சு. ஆனா குடுக்கத்தான் வந்தேன்."

"இதைச் சொல்றதுக்கு என்ன?"

"வாண்டு..."

"என் புள்ளயால எனக்கு ஒண்ணும் கெட்டுப்போகல. நீங்க என்னை விட்டுட்டீங்கன்னு நினைச்சேன் பாருங்க, அதுதான்..." என்று நிறுத்தினாள். பிறகு, "என் உடம்புகூட உங்களை நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கு" என்று சிரித்தாள். மாமா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. அம்மா எழுந்து போய் அவருக்கு டீ போட்டார். மூன்று ஸ்பூன்.

நான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். "உன்னை நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். டிக்கெட் போட்டாச்சா?"

ஏப்ரல் 5, சனி

கடல்மேடை வேலைக்கு ஒற்றைச் சிறுநீரகக்காரனை எடுப்பார்களா என்று விசாரித்தேன். "யாருக்குக் கேக்குற?" என்றான் அங்கே இருக்கும் சீனியர். சும்மா என்றேன். மருத்துவச் சோதனையில் தேற மாட்டாய் என்றான்.

எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தால் சிறுநீரகம் கொடுக்கச் சரி என்றிருப்பேனா? எடுக்க மாட்டார்கள் என்பதை ஒரு சாக்காகத் தேடித்தான் போன் செய்தேனா? சாக்கு கிடைத்துவிட்டது. பிறகு ஏன் இன்னும் இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஏப்ரல் 8, செவ்வாய்

லேபில் ரத்தம் கொடுத்தேன். சும்மா தெரிந்துகொள்ள.

ஏப்ரல் 11, வெள்ளி

ரத்த வகை ஒத்துப்போகிறது, அடையாளம் பாதி பொருந்துகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவிடமிருந்து ஒரே பாதி வந்திருக்கிறது, அப்பாவிடமிருந்து வேறு வேறு. கலந்து பார்த்ததில் என் செல்கள் உயிரோடு இருக்கின்றன. லேப் டாக்டர் போனில் "சண்டை இல்ல" என்றார். "ரெண்டாவது தடவை பண்ணச் சொல்வீங்களா?"

வேண்டாம் என்றேன். இந்த 'சண்டை இல்ல' பொய்யென்று வந்துவிட்டால்?

ஒரு நிமிஷம். அப்படியென்றால் நான் என்ன நினைக்கிறேன்?

ஏப்ரல் 14, திங்கள்

எண்ணெய்க் கம்பெனிக்கு வரவில்லை என்று பதில் போட்டேன். காரணம் எழுதவில்லை.  தியாகம், பாசம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன் என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மா ஆரம்பித்தார். நான் எழுந்து போனேன்.

மே 20, செவ்வாய்

ஆப்பரேஷனுக்குப் பிறகு, இருமினால் இடுப்புக்கு மேலே கிழித்துப்போடுகிறது. தும்மல் அதைவிட மோசம். இன்று என்னை நடக்கச் சொன்னார்கள். மாமா ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு வர, தாழ்வாரம் கடைசிவரை போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பேசாமல் வந்திருந்தால்தான் பயந்திருப்பேன்.

அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முகமூடியோடு உட்கார்ந்திருந்தாள். சிறுநீர் நன்றாகப் போகிறதாம், நர்ஸ் கட்டைவிரலைக் காட்டினார். ஒரு தட்டு நிறைய மாத்திரை. இனி ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். அவள் உடம்பு என்னை யாரென்று கண்டுபிடித்துவிடாமல் இருக்கத்தான் அத்தனையும்.

மாமா போனை ஸ்பீக்கரில் போட்டார். அக்கா மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு தம்பி நீங்க? எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"யாருமில்லம்மா. வழியில போறவன்."

சிரித்துத் தொலைத்துவிட்டேன். தையல் பிடித்து இழுத்தது. மாமா ஒன்றும் கேட்காமல், வார்டில் யாருடைய கட்டிலிலிருந்தோ ஒரு தலையணையை எடுத்து வந்து என் வயிற்றில் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.