பீன்யாவுக்குப் போகாத மெயில்

இன்று காலை வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதைக் கழற்றுவதற்குக் குட்டி ஸ்க்ரூடிரைவர் தேடி மேசை டிராயரைக் கவிழ்த்தேன். ஒரு கம்மல் டப்பா உருண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் நின்றது. திறந்தால் கம்மல் இல்லை. ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாக ஒரு பேட்டரி. செத்துப் பதினான்கு வருடமான பேட்டரியை யாராவது டப்பாவில் போட்டு வைப்பார்களா? நீ வைத்தாய். "குற்றவாளியை வெளிய விடக் கூடாதுடி" என்று மூடி போட்டு என் கையில் கொடுத்தாய். தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பத்தாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, என்னாச்சு?" என்றாள். அவளுக்குச் சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும். உனக்கென்றால் பேட்டரியைக் காட்டினாலே போதும். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாளில் இவளுக்கு ஒரு வயது. நீயும் நானும் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியின் டிராயிங் செக்ஷனில் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள். இவள் பிறந்ததும் நான் வேலையை விட்டேன். நீ பொம்மசந்திராவில் இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு மாறினாய். நீலசந்திராவில் இரண்டு அறை வாடகை வீடு, கம்பெனி கழித்துக் கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மோடம். இவ்வளவுதான் என் ஆபீஸ். பீன்யாவில் ஒரு பட்டறைக்காரர் முதல் வேலை கொடுத்தார். துளை போடும்போது இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஜிக்குக்கு வரைபடம். வரைந்து மெயிலில் அனுப்ப வேண்டும். ராத்திரி பகலாக வரைந்து, சொன்ன நாளுக்கு முன்பே முடித்து, முந்தின நாள் இரண்டு தடவை அனுப்பினேன். காலையில் மறுபடியும் ஒரு தடவை.

"மேடம், நிம்ம மெயில் பந்தில்லா" என்றார் மூன்று தடவையும், வரவில்லை என்று. மூன்றாவது தடவை குரல் மாறிவிட்டது. பிறகு எனக்குப் புரியட்டும் என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "முடிக்கலைன்னா முடிக்கலைன்னு சொல்லுங்கோ. வீட்ல குழந்தை இட்டுக்கொண்டு இந்த வேலை ஆகல்ல. நாலு மணி வரை பார்ப்பேன். ஆமேலே வேற ஆளுக்குக் கொடுக்குறேன்."

வேலை போவது ஒரு பக்கம். நான் பொய் சொல்கிறேன் என்று அந்த மனிதர் நினைத்தாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உனக்குப் போன் செய்து அழுதேன். அழுதேன் என்பதைக்கூட நீ பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாய், மறக்கவில்லை. ஆனால் போனில் நீ கேட்டது ஒன்றே ஒன்று: "வர்றது வருதா, போறதுதான் போகலையா?"

"வர்றதெல்லாம் வருது. குப்பை விளம்பரம் எல்லாம் கரெக்டா வருது!"

"அப்போ ஸ்வல்ப இரு. லீவு சொல்லிட்டு வர்றேன்."

பத்து மணிக்குள் வந்துவிட்டாய். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. வந்ததும் நான் ஒரு நல்ல யோசனை சொன்னேன். பென்டிரைவில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் தெருமுனை சைபர் சென்டரில் இருந்து அனுப்பலாம். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தாய். "இன்னிக்கு அனுப்பிடுவ. நாளைக்கு? அடுத்த டிராயிங்குக்கு? குழந்தையைத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் பீன்யா போவியா? ரெண்டு மணி வரைக்கும் பார்ப்போம். ஆகலைன்னா நானே பென்டிரைவ எடுத்துட்டுப் போறேன்." அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு மூச்சு வந்தது.

உன் முறை உனக்கு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுத வேண்டும். பிறகு சோதனை. இன்ஸ்பெக்ஷனில் கற்றதோ, பிறவியிலேயே வந்ததோ, தெரியாது. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாய். நல்ல நேரம் பார்ப்பதற்குள் தாளைக் கிழித்துவிட்டாயே என்று நான் கத்தினேன். "உனக்கு நல்ல நேரம் நான் வந்தப்பவே ஆரம்பிச்சாச்சு" என்றாய்.

முதலில் மோடத்தை அணைத்து, முப்பது எண்ணி, போட்டாய். விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. என் பெயரிலிருந்து எனக்கே ஒரு மெயில் அனுப்பினாய். அனுப்ப வேண்டியவை கிடக்கும் பெட்டியில் இல்லை. போய்விட்டது. ஆனால் வரவில்லை. வயரை மாற்றினாய். போனது, வரவில்லை. பாஸ்வேர்டை அழித்துத் திரும்பப் போட்டாய். வைரஸ் காவல்காரனைத் தூங்க வைத்தாய். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து, அங்கிருந்த பெண்ணிடம் சுத்தக் கன்னடத்தில் தேனாகப் பேசி, வெளியே போகும் மெயிலுக்கு வேறொரு வாசல் எண் வாங்கி அதையும் போட்டாய். மெயில் புரோகிராமை மூடித் திறந்தும் ஒன்று அனுப்பினாய். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சாம்பார் அடிப்பிடித்தது.

ஆறாவதும் போய், வராமல் போனபோது நீ தலையைச் சொறிந்தாய். "இங்க இல்ல. அனுப்புன பெட்டியிலயும் இல்ல. அங்கயும் போகல. எங்கடி போய் உக்காந்திருக்கு?" உன் கண் மின்னியது! எனக்கு வேலை போய்க்கொண்டிருக்க, உனக்கு அது திருவிழாவாக இருந்தது. அதைப் பார்த்துக் கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாக எனக்கும் அந்தக் குஷி ஒட்டிக்கொண்டது, சத்தியமாகச் சொல்கிறேன்.

மணி ஒன்றரை. ஏழாவதை அனுப்பிவிட்டு, "மெயில் பெட்டி ரொம்பிடுச்சோ என்னவோ. பழசெல்லாம் அழிச்சுப் பார்ப்போம்" என்றாய். படிக்காத விளம்பரங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பழையதை அழிப்பதற்காகப் பட்டியலின் அடிக்கு, அடியிலும் அடிக்கு இறங்கினாய்.

நீ போட்ட கத்தலில் மகள் அழ ஆரம்பித்தாள். மாடி வீட்டம்மா ஜன்னலில் தலை நீட்டி "ஏனாயித்து?" என்று கேட்டார்.

ஏழும் அங்கே இருந்தன. ஒன்று முதல் ஏழு வரை, வரிசை தப்பாமல், எல்லாவற்றுக்கும் அடியில். ஏழிலும் ஒரே தேதி: நாம் ஒருவரையொருவர் சந்திப்பதற்கு முந்தைய வருடத்து ஜனவரி ஒன்று.

போன மெயில் எல்லாம் போய்த்தான் இருக்கிறது! கம்ப்யூட்டருக்குள் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பேட்டரி செத்துவிட்டது. என் வீட்டுக்காரரோ, கரண்டு வீணாகிறது என்று தினமும் படுக்கும் முன் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் தினமும் காலையில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஜனவரி ஒன்று. அது எழுதும் கடிதத்தில் அந்தத் தேதியைப் போட்டு அனுப்புகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் பழைய கடிதம் என்று அடியில் அடுக்கிவிடுகிறார்கள். புதிய மெயில் மேலேதானே இருக்கும் என்று எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். கடிகாரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் வரைபடத்துக்கு இடம் போதவில்லை என்று திரையின் அடிப்பட்டையை மறைத்து வைத்திருந்தேனே. கடிகாரம் அந்தப் பட்டையில்தான் இருந்தது.

"கம்ப்யூட்டர் போடறப்ப ஏதாச்சும் கேட்டுச்சா உன்ன?" என்றாய்.

"ஒரு வாரமா கருப்பா ஏதோ இங்கிலீஷ்ல வரும். ஒரு பட்டன் அமுக்குனா போயிடும்."

"படிச்சியா?"

"இல்ல. அமுக்குனேன்."

"ஒரு வாரமா அது கத்திக்கிட்டு இருந்திருக்குடி, மகராசி!" என்று என் முதுகில் வைத்தாய் ஒன்று. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

பட்டறைக்காரருக்கு நீயே போன் போட்டாய். "ஸார், மெயில் லிஸ்ட்ல கெளகடே ஹோகி. இன்னூ கெளகடே. பூர்த்தி கெளகடே." அடிக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தாய். போனை என் காதுக்கும் உன் காதுக்கும் நடுவில் வைத்திருந்தாய். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சிரிப்பு. "அய்யோ, மூரு இதே மேடம்! மூணும் இருக்கு! எல்லாம் அடியிலே!" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தப்பு நந்தே. நான் அப்படி பேசியிருக்கக் கூடாது" என்றார். அந்த மனிதர் இன்றுவரை என்னிடம்தான் வரைபடம் வாங்குகிறார்.

நீ கொண்டை ஊசியால் அந்தப் பேட்டரியைக் கிளப்பி எடுத்தாய். தெருமுனை வாட்ச் கடையில் புதிது வாங்கிப் போட்டு, தேதியைச் சரிசெய்து, எட்டாவதை நானே அனுப்பினேன். மேலே வந்து நின்றது. "வந்துடுச்சுடி!" என்று இருவரும் கத்தினோம். அடிப்பிடித்த சாம்பாரை ஊற்றிக்கொண்டு மூன்று மணிக்குச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு எனக்கு எது காணாமல் போனாலும், யார் எதை அனுப்பவில்லை என்று சொன்னாலும், கோபப்படும் முன் ஒரு தடவை அடியில் பார்த்துவிடுகிறேன். வேலைக்கு என்று இப்போது என்னிடம் இருக்கும் இரண்டு பெண்களையும் அப்படியே பழக்கி வைத்திருக்கிறேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. மூன்றாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து, உன் கையெழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பீரோவையெல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை. நாம் பேசியதெல்லாம் போனிலும் பஸ்ஸிலும்தான். உனக்கு எழுதுவதென்றாலே வேப்பங்காய். அந்தக் காலண்டர் தாளில்கூட மகளுக்குக் கப்பல் செய்து கொடுத்துவிட்டாய். ஏமாந்துபோய், ஆத்திரமும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தவள், சட்டென்று எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். நீ சொல்லிக் கொடுத்தது கைக்கு ஞாபகம் இருந்தது. அடிக்குப் போனேன்.

ஏழும் இருந்தன. அனுப்பியவர் பெயர் என்னுடையது. எழுதியது நீ, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக. "ஒண்ணு. ஹலோ." "ரெண்டு. காபில சக்கரை ஜாஸ்தி." நான்காவதில், "அழாத, மூக்கு செவப்பா இருக்கு." பக்கத்திலேயே நடமாடிக்கொண்டிருந்தவளுக்கு அதை வாயால் சொல்லாமல் மெயிலில் அடித்திருக்கிறாய். அன்றைய பரபரப்பில் நான் ஒன்றையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. உன் மூன்றாம் நாளில்தான் படித்தேன்.

ஏழாவதில் இருப்பது இது: "இதுவும் வரலைன்னா பயப்படாத. நானே கிளம்பி வர்றேன்."

இன்று புதுக் கம்ப்யூட்டருக்கு மெயில் எல்லாவற்றையும் மாற்றினேன். பதினான்கு வருடத்து வரைபடங்கள், பட்டறைக்காரர்கள், மகளின் பள்ளி, எல்லாம் வரிசையாக ஏறின. அடியில் நீ. இந்த மடலை உன் ஏழாவதற்குப் பதிலாகத்தான் எழுதியிருக்கிறேன். அனுப்பினால் எனக்கேதான் வரும், தெரியும். இந்தத் தடவை தேதி சரியாக இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மேலே இது வந்து நிற்கும், அடியில் உன்னுடையது, நடுவில் நீ போகவிடாமல் காப்பாற்றிக் கொடுத்த என் வேலை அத்தனையும்.

ஏழாவதும் வந்துடுச்சுடி. அனுப்புகிறேன்.